நாலாவது இணைப்பு பஸ்

இது இரவில் நடந்ததல்ல. வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரம். மாலை ஐந்தேகாலுக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்தது. அதனாலேயே சொன்னால் யாரும் நம்புவதில்லை. "பகல்ல என்ன பேய்?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ரயில்வே கேட் பக்கத்தில் விழுந்து கிடந்த அண்ணியைத் தூக்கி உட்காரவைத்தவள் நான். அவர் கையில் குத்தியிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கியவளும் நான்தான்.

அண்ணி என் அண்ணன் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் உட்காரவைத்து, இம்மி பிசகாமல் திருகாணி முடுக்குவார். நாங்கள் பேய்ப் படம் பார்த்தால், "அங்க பாரு, பேய்க்கு மேக்கப் கலையுது" என்று சொல்லி மொத்தப் படத்தையும் கெடுத்துவிடுகிற ஆள். லேசில் அசர மாட்டார். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து வீடு, கடை, ஆறு வயதுப் பாப்பா, எல்லாம் அவர் தலையில்தான். பள்ளி விட்டதும் பாப்பா ஒரு டீச்சர் வீட்டில் இருப்பாள். ஆறரைக்குள் கூட்டி வந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அதுவரை கடையிலிருந்து வீட்டுக்கு ஒரே ரயில். ஏறினால் இறங்க வேண்டியதுதான். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அதை மாற்றிவிட்டார்கள். ஜங்ஷனுக்கு அப்பால் இருந்த நாலு ஸ்டேஷன்களுக்கும் இனிமேல் ரயில் கிடையாது. ஜங்ஷனில் இறங்கி இணைப்பு பஸ் பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். முதல் நாள் எப்படி இருக்குமோ என்று, நான் ஸ்கூட்டரில் வந்து எங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தேன்.

5.12-க்கு ரயில் ஜங்ஷனில் நின்றது. அத்தனை பேரும் இறங்கி ஒரே ஓட்டம். வெளியே மூன்று பஸ்கள் நின்றன. மூன்றிலும் வாசல்வரை ஆள். "அடுத்த மாசம் நடந்தே போங்கன்னு சொல்லுவாங்க" என்று யாரோ முனகினார். ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. அண்ணிக்கு இடம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தார். மதில் ஓரமாக, சற்றுத் தள்ளி, இன்னொரு பஸ் நின்றது. நெற்றியில் 'இணைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே தாராளமாக இடம். இவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூட அதன் பக்கம் திரும்பவில்லை. 'நம்ம ஜனங்களுக்குக் கண்ணே தெரியாது. எல்லாரும் நம்ம கடைக்கு வரணும்' என்று நினைத்துக்கொண்டே பின்பக்கக் கதவு வழியாக ஏறினார். 5.21.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். இரண்டிரண்டு பேர் உட்காரும் இருக்கைகளில், ஜன்னல் ஓரமாக, இருக்கைக்கு ஒருவராக இருந்தார்கள். அண்ணி உட்காரவில்லை. அவருக்கு நடுமுதுகில் ஒரு தொல்லை உண்டு. பஸ் குலுங்கும்போது உட்கார்ந்திருந்தால் மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாது. நின்றபடி போவதுதான் வழக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

"உக்காருங்கம்மா. இடம் இருக்கே" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்தவர்.

"பரவாயில்லைங்க. முதுகுவலி."

"உக்காந்தா சரியாப் போயிடும்" என்றார் அவர். தலையைத் திருப்பாமலே சொன்னார்.

மேற்கே போகிற பாதை. வெயில் நேராக எல்லார் முகத்திலும் அடித்தது. அண்ணி கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். மற்றவர்கள் யாரும் மறைக்கவில்லை. ஒருவரும் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. நாள் முழுக்க மனிதர்களின் கண்களையே பார்க்கிற தொழில் அண்ணிக்கு. வெயிலில் சுருங்காத கண்களை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்.

யார் கையிலும் செல்போன் இல்லை. எல்லோர் மடியிலும் பை. பையின் மேல் இரண்டு கைகள்.

5.33-க்கு ரயில்வே கேட் வந்தது. தண்டவாளத்தின் மேல் ஏறும்போது வண்டி மெல்லக் குலுங்கியது. கேட் திறந்தே இருந்தது, ரயில்தான் இல்லையே. கேட்காரர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டினால் முதல் நிறுத்தம். ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

வண்டி நிற்கவில்லை.

நின்றவர்கள் கைகூடக் காட்டவில்லை. அப்படி ஒரு பஸ் போவதே தெரியாதவர்கள் மாதிரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி மணிப் பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் இல்லை.

5.41-க்கு நான் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"இணைப்பு பஸ்லதான். வந்துட்டே இருக்கேன்."

"எந்த பஸ்? மூணும் வந்தாச்சு. எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க."

"நான் நாலாவதுல இருக்கேன்."

"நாலாவது கிடையாதாம் அண்ணி. டிரைவர்கிட்ட கேட்டுட்டேன். மொத்தமே மூணுதானாம்."

  அந்த நேரத்தில் அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்...

மறுபடியும் ரயில்வே கேட். அதே நாற்காலி. அதே கேட்காரர். பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் திருப்பியிருந்தார்.

"நீ கேட்டுக்கு வா" என்றார் அண்ணி. "உடனே வா." போன் கட்டாகிவிட்டது.

அண்ணி கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். டிரைவர் முதுகுதான் தெரிந்தது.

"வண்டிய நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"உக்காருங்க."

"இறங்கணும்னு சொல்றேன்."

"எல்லாரும் உக்காந்தாதான் நிறுத்தம் வரும்" என்றார் டிரைவர். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல்.

 அண்ணிக்கு முதுகு விண்விண் என்று தெறித்தது. உட்கார்ந்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது. இரண்டு பக்கமும் காலி இடங்கள். "உக்காருங்க", "உக்காருங்கம்மா" என்று ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் மெதுவாகச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக்கூடக் காட்டினார்கள்.

அண்ணி ஏறின பின்கதவுக்கே திரும்பி வந்தார். அதன் பக்கத்தில் ஒரு பெண். அண்ணி வயதுதான் இருக்கும். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"உக்காந்துடாதீங்க..."

அண்ணி குனிந்தார். "ஏன்?"

"எந்திரிக்க வராது. நான் செவ்வாய்க்கிழமை உக்காந்தேன்."

"இன்னிக்குத் திங்கக்கிழமைங்க."

அந்தப் பெண் யோசித்தார். பிறகு முன்னிருக்கையைக் கண்ணால் காட்டினார். "அவர் புதன்கிழமை. அவருக்கு முன்னாடி இருக்கிறவர் வியாழக்கிழமை. அப்புறம் கொஞ்ச நாளா யாரும் வரலை." அந்தப் பெண் அண்ணி முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்போ... மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்களா?"

அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்தார். சாதாரணக் கைதான். சூடாகக்கூட இருந்தது. ஆனால் வரவில்லை. தரையோடு போல்ட் போட்ட இருக்கையை இழுப்பது போல இருந்தது.

"விடுங்க. வராது" என்றார் அந்தப் பெண். "என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பா. இதோ வந்துடுறேன்னு சொல்லிடுங்க."

5.54. தூரத்தில் மறுபடியும் கேட்.

கதவுக்கு மேலே அவசரத்துக்கான சிவப்புப் பிடி. அதன் மேல் கண்ணாடி மூடி. அண்ணி பைக்குள் கைவிட்டு, கடையில் திருகாணி முடுக்குகிற சின்னத் திருப்புளியை எடுத்தார். கண்ணாடியை நடுவில் குத்தினால் தாங்கும். ஓரத்தில் குத்தினால் தாங்காது. அது அவர் தொழில்.

ஒரு குத்து.

பின்னால் சலசலப்பு. "உக்காருங்க..."

இரண்டாவது குத்து. பொலபொலவென்று கொட்டியது.

பிடியை இழுத்தார். கதவு ஒரு முழம் திறந்தது. வெளிக்காற்று.

பையை யாரோ பிடித்தார்கள்.

"உக்காருங்கம்மா..."

பையை விட்டார்.

வண்டி குலுங்கியது.

தண்டவாளம்.

குதித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது 5.58. அண்ணி கேட் ஓரமாக ஜல்லியில் கிடந்தார். கேட்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்துகொண்டிருந்தார். "பஸ்ஸா? எந்த பஸ்ஸும் போகலையேம்மா. திரும்பிப் பாக்குறேன், இவங்க விழுந்து கிடக்காங்க" என்றார். அண்ணி அவரோடு வாதாடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "பாப்பாவக் கூப்பிடப் போலாம்" என்றார். ஆறு இருபதுக்கு டீச்சர் வீட்டில் இருந்தோம். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அழுதார். ஸ்கூட்டரில் வரும்போதும் அழுதார். அந்தப் பெண்ணிடம் எந்த ஸ்கூல் என்று கேட்காமல் வந்துவிட்டாராம். பேரைக்கூடக் கேட்கவில்லையாம். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

பை கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அதற்காக நாங்கள் இரண்டு பேரும் ஜங்ஷன் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் ஓய்வு பெறப்போகிற வயதில் ஒருவர். முதலில் சிரித்தார். நாலாவது பஸ் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த இணைப்பு பஸ் புதுசு இல்லம்மா" என்றார். "இருபத்தொரு வருஷம் முன்னாடி, தண்டவாளம் மாத்தினப்போ, சோதனைக்கு ஓட்டினாங்க. பதினோரு நாள்தான் ஓடுச்சு. அப்போ நான் கணக்கெடுக்கிற வேலையில இருந்தேன். இங்க ஏறுறவங்கள ஒருத்தர் எண்ணுவார். அங்க இறங்குறவங்கள நான் எண்ணுவேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டேன்.

"கணக்கு இடிச்சுது. தினமும் ஒரு ஆள் குறைஞ்சுது. எனக்கு எண்ணத் தெரியலன்னு திட்டினாங்க. ஆளை மாத்திப் பாத்தாங்க. அப்பவும் ஒண்ணுதான் குறைஞ்சுது. பதினோரு நாளும்."

 அண்ணி கேட்டார்.

"இப்போ? இந்த ஒரு வாரமா எத்தனை குறைஞ்சிருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்தத் தடவை எண்ண வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."