சாரத்தில் விழுந்த பந்து

என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், பதுளை டவுன் டீமுக்குக் கிரிக்கெட் விளையாடியவர். இதைச் சொன்னால் கடைவீதியில் சிரிப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. சிரிக்கட்டும். ஒரே ஒரு சனிக்கிழமைதான், அவரிடம் வந்ததும் ஒரே ஒரு பந்துதான். ஆனாலும் விளையாடினாரா இல்லையா?

அப்போது வாப்பாவின் கடையில் எனக்குப் பரண் வேலை. மேலிருந்து சவர்க்காரக் கட்டிகளை எறிவேன். கீழே நானா இடுப்பில் கட்டிய சாரத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்து ஏந்திக்கொள்வார். வெறுங்கையில் வழுக்கி விழுந்து உடையும் என்பதால் வாப்பா போட்ட சட்டம் அது.

சனிக்கிழமையானால் நானாவுக்குக் கடையில் இருப்புக்கொள்ளாது. திடலின் ஓரத்தில் போய் நின்று, உருண்டு வரும் பந்தை எடுத்து எறிவார். அந்த எறியைக் கண்டு வைத்திருந்தார் டவுன் டீம் தலைவர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரோடு ஆட்டம் நடந்த அன்று டீமில் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல். நானாவைக் கூப்பிட்டார்.

"காற்சட்டை இல்லீங்களே" என்றார் நானா.

"சாரம் போதும். கடைசிக் கோட்டுல நில்லுங்க. அங்க பந்து வராது."

வந்தது. துரைமார் பக்கம் கடைசி ஜோடி. நாலு ஓட்டம் எடுத்தால் அவர்கள் வெற்றி, ஒரு விக்கெட் விழுந்தால் நாங்கள். நமுனுகுலத் தோட்டத்துத் துரை ஓங்கி அடித்த பந்து நேரே நானாவின் தலைக்கு மேலே ஏறியது. நானா அசையாமல் நின்றார். சாரத்தை விரித்தார். சவர்க்காரக் கட்டி மாதிரிப் பந்து பொத்தென்று அதில் விழுந்தது. திடலோரத்தில் நின்ற நான் துள்ளிக் குதித்தேன்.

நடுவராக நின்ற துரை 'அவுட்' என்று விரலைத் தூக்கவில்லை. உடுப்பை விரித்துப் பிடித்தால் எதிர்ப்பக்கத்துக்கு ஐந்து ஓட்டமாம். அதோடு துரைமார் வென்று ஆட்டம் முடிந்தது. பந்தைச் சாரத்திலேயே வைத்துக்கொண்டு நானா நின்ற நிலையைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரமே வெள்ளைக் காற்சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். மறுபடி கூப்பிடுவார்கள் என்று நம்பினார். பாவம், ஒருவரும் கூப்பிடவில்லை. தலைவருக்கும் மாற்றலாகிப் போயிற்று. காற்சட்டை ஆணியிலேயே தொங்கிப் பழுப்பேறியது. ஆனால் அன்றிலிருந்து கடையில் நானா சாரத்தை விரிக்கவே இல்லை; வெறுங்கையால்தான் பிடித்தார். உடைந்த சவர்க்காரத்துக்கெல்லாம் வாப்பாவிடம் ஏச்சு வாங்கினார்.

இப்போது வாப்பா இல்லை. நானாவுக்குக் கை நடுங்குகிறது. பரணில் ஏற எனக்கும் மூச்சு வாங்குகிறது. போன வாரம் மேலே நின்று, "சாரத்தை விரிங்க நானா, யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"நீ எறிடா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

எறிந்தேன். கட்டி கையில் பட்டுத் துள்ளியது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டார். பிடித்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருத்தரும் இல்லை.

நான் பரணில் நின்றபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.