சித்தப்பாவின் தலைப்பா

என் சித்தப்பாவுக்குத் தலை பெரிது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எவ்வளவு பெரிது என்பது அவருடைய கல்யாணத்தன்று காலையில்தான் தெரியவந்தது. கனடாவின் ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த மாப்பிள்ளைத் தலைப்பா அவருடைய உச்சியில் குந்திக்கொண்டு கீழே இறங்க மறுத்தது.

"தலைக்கனம் பிடிச்சவன் எண்டு அப்பவே சொன்னனான்," என்று அப்பா அதைப் பிடித்து அமுக்கினார். தையல் விட்டுப்போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடை திறக்குமுன் முகூர்த்தம் வந்துவிடும். தலைப்பா இல்லாமல் மணவறைக்கு எப்படிப் போவது? சித்தப்பா அழுதுவிடுவார் போலிருந்தது.

அம்மாதான் பக்கத்து வீட்டு பஞ்சாபி அங்கிளிடம் ஓடினார். எட்டு வயதில் எனக்கு அந்த வீட்டுத் தலைப்பாக்கள் எல்லாம் அத்துப்படி. பஸ் ஓட்டப் போகும்போது அங்கிள் கட்டுவது நெற்றியில் கூராக முடியும். பெரிய மகனுடையது அகல அகலமான மடிப்பு. சின்னவனுக்குக் கொண்டையை மூடி ஒரு சின்னத் துணி. அங்கிளின் மச்சான் ஒருவர் கென்யாவில் பிறந்தவர், அவரும் வருவார், அவருடையதில் ஒரு சுருக்கம் இருக்காது, அயர்ன் பண்ணியது போலிருக்கும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வாடகை.

அங்கிள் வந்து, தலைப்பாவாகக் கட்ட நாங்கள் நீட்டிய பட்டுச் சால்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, வழுக்கும் என்றார். தன் வீட்டிலிருந்து சிவப்புப் பருத்தித் துணி ஒன்று கொண்டுவந்தார். எந்த ஸ்டைல் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உதிலையும் ஸ்டைல் இருக்கோ?" என்று சித்தப்பா விழித்தார்.

"ஓம் சித்தப்பா, கென்யா அங்கிளின்ரை மாதிரிக் கட்டச் சொல்லுங்கோ," என்றேன். அன்று என் சொல்லுக்கு மறுப்பே இல்லை.

கட்டுமுன் அங்கிள், மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று கேட்டார். அப்பப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் துணியை இரண்டு கைகளாலும் ஏந்திப் போனுக்கு முன்னால் காட்டினார். அப்பப்பா கையை உயர்த்தினார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"வடிவான சிவப்பு, என்ன அப்பப்பா?" என்று கத்தினேன்.

மாப்பிள்ளை பஞ்சாபியோ என்று மண்டபத்தில் சிலர் பகிடி பண்ணினார்கள். தலைப்பாவோ தாலி கட்டி முடியும்வரை அசையவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

சென்ற கோடையில் அங்கிளின் பெரிய மகனுக்குக் கல்யாணம். தினமும் தானே தலைப்பா கட்டுகிறவன் அன்று சும்மா உட்கார்ந்திருந்தான், அங்கிள்தான் கட்டிவிட்டார். கல்யாணத்தன்று தகப்பன் கட்டிவிடுவதுதான் தங்கள் வீட்டு வழக்கம் என்று பஞ்சாபி அன்ரி சொன்னார்.

பக்கத்தில் நின்ற சித்தப்பா தன் பெரிய தலையைத் தடவிக்கொண்டார். அப்பப்பா இப்போது இல்லை. அன்று அங்கிள் துணியை ஏந்தி அவரிடம் என்ன கேட்டார் என்பது சித்தப்பாவுக்கு அப்போதே விளங்கியிருக்கிறது. நான்தான் நிறத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.