சோற்றுக்குப் பயந்த காலம்

குக்கர் விசில் அடித்தால் நான் பால்கனிக்கு ஓடிவிடுவேன். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. நான் சோற்றுக்குப் பயந்தேன். மத்தியான நேரத்தில் வீட்டுக்கு வீடு சோறு மணக்கும் கல்கத்தாவில் குடித்தனம் நடத்திக்கொண்டு இப்படி ஒரு பயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் என் கணவர். நியூ டவுனில் அவருடைய ஆபீசில் எடை குறைக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள், மனைவிமார்களும் சேரலாம். ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து அவரே என் கையில் கட்டிவிட்டார். தாலிக்கு அப்புறம் அவர் எனக்குக் கட்டியது அது ஒன்றுதான். கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு சோபாவில் உட்கார்ந்துகொண்டார், ஓடியது நான். விடியற்காலையில் வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி ஓட்டம். சாயங்காலம் அலிப்பூரில் என் ஆபீஸ் விட்டதும் கரியாஹாட்டில் ஜிம்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒவ்வொன்றாக விட்டேன். சர்க்கரை, எண்ணெய், தேங்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடைசியில் சோறு. வேண்டாம் என்றுதான் விடுகிறேன் என நினைத்திருந்தேன். பயந்துபோய் விடுகிறேன் என்று புரிய வெகுநாளாயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு வெள்ளையாக இருந்ததெல்லாம் பேய். துர்கா பூஜை முடிந்து விஜயதசமி வாழ்த்துச் சொல்ல நாலு வீடு போனால் இனிப்பு தின்னாமல் விடமாட்டார்கள். சந்தேஷை டிஷ்யூவில் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். ஒரு வீட்டில் ரசகுல்லாவையும் அதே மாதிரி போட்டேன். பாகு ஊறி, ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து வீட்டுச் சாவிவரை பிசுபிசுத்து, ராத்திரிக்குள் எறும்பு வந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள்தான் என் கன்னத்தைத் தடவி, "எவ்வளவு அழகா இளைச்சுட்டே!" என்று வங்காளத்தில் கொஞ்சியவள்.

எல்லோரும் கொஞ்சினார்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கல்கத்தாவின் மே மாத வெயிலில் ஊரே வேர்த்து ஒழுகும்போது நான் ஆபீசில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படி ஏறினால் கண் இருட்டியது. உனக்கு என்ன செய்கிறது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்டார்கள், அதுவும் தாங்கள் இளைப்பதற்காக. என் கணவர் தன் சிநேகிதர்களிடம் என்னைப் புதுக் கார் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மாதவிலக்கு நின்றுபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பிள்ளைதான் என்று நினைத்து, கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன். டாக்டரம்மாள் பரிசோதித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"வயிற்றில் பிள்ளையும் இல்லை, சோறும் இல்லை. ஓட்டத்தை நிறுத்து. ரெண்டு வேளை சோறு சாப்பிடு. அதுதான் மருந்து."

வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார்: "டாக்டருங்கன்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க. வேணும்னா கொஞ்சம் குறைச்சு ஓடு. சோறு கீறுன்னு ஆரம்பிச்சா பழையபடி ஆயிடுவே."

பழையபடி என்றால் உயிரோடு இருந்தபடி.

வீட்டில் என் தட்டில் ஒரு கரண்டி சோறு விழுந்தால் அவர் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் இறங்காது. அதனால் ஆபீஸ் மதிய இடைவேளையில், அலிப்பூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு சோற்றுக்கடைக்குப் போனேன். வக்கீல் குமாஸ்தாக்களும் வழக்குக்கு வந்தவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடும் இடம். அங்கே எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, வாழையிலைக்குக்கூட. சாப்பிட்டு எழுந்ததும், நாம் தின்றதை எல்லாம் பரிமாறியவர் கல்லாவைப் பார்த்து உரக்கக் கூவுவார். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது.

ஆவி பறக்க இலையில் சோறு வந்து விழுந்தது. பருப்பை ஊற்றிப் பிசைந்தேன். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றேன், விழுங்கினால் அப்புறம் மீள முடியாது என்பது போல. பாதி சாப்பிட்டு எழுந்தேன். அப்போதுதான் பரிமாறியவர், அக்கா என்று என்னைச் சுட்டித் தொண்டையைத் திறந்தார்.

"தீதி! ஒரு சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், இலை, எலுமிச்சம்பழம்!"

யாருக்கும் தெரியாமல் திருட்டுத்தனமாகத் தின்ன வந்தவளை நடுச்சந்தையில் தண்டோரா போட்டுவிட்டார்களே என்று கூசிப்போய் நின்றேன். சுற்றிப் பார்த்தேன். ஒரு தலையும் நிமிரவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் மீன் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தார். நான் சோறு தின்றதைப் பற்றி அந்தக் கடையில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. யாரும் என்னைக் கண்டுகொள்ளாதது எனக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கே பயம் போய்விடவில்லை. ஆபீசுக்குத் திரும்பி, தின்றதைக் கரைக்க மாடிப்படியில் ஏறி இறங்கினேன். ஏறும்போதே என்னை நானே திட்டிக்கொண்டேன். மறுநாளும் போனேன். சில நாள் கடை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சில நாள் இலையைப் பார்த்து அழுகை வந்தது. ஆனால் போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலம் பாதி போனபோது, நானே வாய்விட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். அன்றைக்குப் பரிமாறியவர் கூவியதை நான் கவனிக்கவே இல்லை, கையைக் கழுவப் போய்விட்டேன்.

வீட்டில் மட்டும் நாடகம் தொடர்ந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிப் பட்டினி கிடந்தேன். இப்போது ஒன்றும் சாப்பிடவில்லை என்று பொய் சொன்னேன். வெங்காய வாடை போக ஏலக்காயை மென்றுகொண்டு பஸ் ஏறுவேன். கள்ளக்காதல்காரிகூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டாள். ரவிக்கை இறுகியது. "ஜிம்முக்குப் போறியா, இல்லையா?" என்று அவர் கேட்க ஆரம்பித்தார்.

பூஜைக்கு முந்தைய ஒரு காலையில் மாதவிலக்கு வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சின்ன வயதில் அதைச் சனியன் என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கைகூப்பிக் கும்பிடலாம் போலிருந்தது.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டில் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும். என் தட்டில் வெள்ளரிக்காய்.

"அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். "அப்போ இனிமே பிரச்சனை இல்லையே? திங்கக்கிழமையிலேருந்து மறுபடி ஆரம்பிச்சுடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரிப்பேர் முடிந்து வந்த வண்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி, நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். இத்தனை நாளாக நான் பயந்தது சோற்றுக்கு மட்டும் இல்லை என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

வெள்ளரிக்காயை ஒதுக்கிவிட்டு வேறு தட்டு எடுத்து வந்தேன். சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் இழுத்து ஒரு கரண்டி போட்டேன். இன்னொரு கரண்டி. மேஜையில் கொஞ்சம் சிந்தியது.

"இவ்வளவா?" என்றார்.

"ஆமா."

சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவர் கையைத் தட்டில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஆறிடும். நீங்க சாப்பிடுங்க" என்றேன்.