தரையோடு கிடந்த கோடு

என் மகனுடைய கணினியில் இருந்த கிராபிக்ஸ் அட்டையை எரித்தது நான்தான். உப்பு எரித்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவனிடம் உண்மையை இன்றுவரை என் வாயால் சொல்லவில்லை. எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தலைமன்னாரில் எங்கள் வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். அவனுடைய தாய் போய் ஆறு வருடம். நான் மன்னார்க் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் படிப்பை விட்டுவிட்டு, கடலடியில் ஊர்கிற கடலட்டை எடுக்கச் சுழியோடப் போனவன். ஒரு நாள் சிலிண்டரில் காற்றுக் குறைந்துவிட, அடியிலிருந்து அவசரமாக மேலே வந்தான். ஆழத்திலிருந்து அப்படி ஒரேயடியாக ஏறினால் உடம்பு தாங்காது. வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது கால்கள் இரண்டும் விறைத்திருந்தன. பிறகு அவை அசையவே இல்லை. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது.

ஆஸ்பத்திரிகளும் மடு மாதாவுக்கு வைத்த நேர்த்திகளும் முடிந்த பிறகு, சில்லுக் கதிரையில் இருந்தபடியே கணினியில் வீடு வரையப் பழகினான். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலக் காட்டுகிற படங்கள். வெயில் எந்தச் சுவரில் விழும், நிழல் எவ்வளவு நீளும் என்று ஒவ்வொன்றையும் கணக்கிட்டு ஒரு படத்தை முடிக்கக் கணினிக்குப் பல மணித்தியாலம் பிடிக்கும். அந்தக் கணக்கைச் செய்வது அந்த அட்டை. யாரோ பாவித்ததைக் கொழும்பிலிருந்து ரயிலில் எடுப்பித்தான். பார்க்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், “அட்டை பிடிக்கப் போய்த்தானே கால் போனது. இப்ப வீட்டுக்குள்ளேயே ஒண்டு வளர்க்கிறன்” என்பான். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அட்டையில் சின்னதாக மூன்று விசிறிகள். வேலை கடுமையானால் அவை ஊளையிடத் தொடங்கும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி முற்றம்வரை கேட்கும். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு அவை மட்டும் போதவில்லை என்று, கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு மேசை ஃபேனை அதற்கு நேரே வைத்திருந்தான். அது தன் பங்குக்குக் கடகடக்கும். திறந்து கிடக்கிற பெட்டிக்குள் மணலும் உப்பும் படியும். சனிக்கிழமைகளில் பெயின்ற் பிரஷால் அவற்றைத் தட்டித் துடைப்பது என் வேலை.

அவன் எனக்கு எல்லாம் காட்டித் தந்திருந்தான். விசிறியைக் கட்டுப்படுத்த ஒரு செயலி உண்டு. அதில் ஒரு கோடு இடப்பக்கம் தாழ்ந்து தொடங்கி வலப்பக்கம் ஏறிப் போகும்.

“சூடு ஏற ஏற ஃபேனும் வேகமா ஓடும், அப்பா. அதுதான் இந்தக் கோடு. கீழ இழுத்தியளெண்டா சத்தம் குறையும். ஆனா அட்டை அவிஞ்சு போகும்.”

சத்தமும் தாங்கக்கூடியதாக, சூடும் ஏறாமல் இருக்கும் ஒரு கோட்டைத் தேடி நாங்கள் இரண்டு கிழமை மினக்கெட்டோம். அவன் புள்ளிகளை நகர்த்துவான். நான் பக்கத்தில் இருந்து சூட்டின் அளவைக் கொப்பியில் எழுதுவேன். அவனோடு அவ்வளவு நேரம் நான் வேறு எதற்காகவும் இருந்ததில்லை. ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

போன வருடம் தவக்காலத்தில் கொழும்பில் வீடு வடிவமைக்கும் ஒரு நிறுவனம் அவனுக்குப் பரீட்சையாக ஒரு வேலை தந்தது. ஏழு படங்கள். திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். பிடித்தால் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை.

“இது சரிவந்தா, என்ன செய்யிறீர் எண்டு ஆரும் கேட்டா வேலை செய்யிறன் எண்டு சொல்லலாம், அப்பா” என்றான். கால் போன பிறகு எதையும் வேண்டும் என்று அவன் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பசாம். தவக்காலத்தில் எங்கள் ஒழுங்கைச் சனங்கள் வீட்டுக்கு வீடு போய் ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரியாகப் பாடுவார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. குரல் மட்டும். பக்கத்து வீடுகளில்கூட ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முந்தின வருடம் எங்கள் வீட்டில் பாடும்போது உள்ளே விசிறிகள் ஊளையிட, பாட்டை எடுத்துக் கொடுக்கிற மனுசி நடுவில் நிறுத்தினார்.

“என்ன அண்ணை, அறைக்குள்ள வள்ளம் ஓட்டுறியளோ?”

சனம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஒரு வருடமாக அதை நான் மறக்கவில்லை.

இந்த முறை அவர்கள் வருவதற்குச் சற்று முன், பின்னேரம் நாலு மணி போல, ஐந்தாவது படம் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, ஒரு மணித்தியாலம் நிப்பாட்டி வைக்கேலாதோ?”

“நிப்பாட்டினா முதலிலயிருந்து ஓட வேணும், அப்பா. திங்கக்கிழமைக்கு முடியாது. கதவைச் சாத்தி விடுங்கோ, அவ்வளவாக் கேக்காது.”

கதிரையை உருட்டிக்கொண்டு அவன் முன்னறைக்குப் போனான். கதவைச் சாத்த நான் உள்ளே போனேன். முதலில் சத்தம் வெளியே போகாமல் யன்னலைச் சாத்தினேன். வருகிறவர்களுக்குக் காற்று வேண்டுமே என்று மேசை ஃபேனைக் கழற்றி முன்னறையில் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகும் விசிறிகள் கேட்டன. திரும்ப உள்ளே வந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, செயலியைத் திறந்து, அந்தக் கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தரைக்கு இழுத்தேன். மூன்று விசிறிகளும் நின்றன. ஒரு மணித்தியாலம்தானே என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

அன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது. மகனுக்கு நல்ல குரல். மாதா தன் பிள்ளையின் உடலை மடியில் வாங்குகிற இடத்தை அவன் தனியே பாடினான். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

முடிந்ததும் பிளேன்டீயும் அவித்த கடலையும் கொடுத்தோம். எடுத்துக் கொடுக்கிற மனுசி கோப்பையை வாங்கிக்கொண்டு, “இண்டைக்குத்தான் அண்ணை உங்கட வீட்டில நிம்மதியாப் பாடினது” என்றார். நான் எழும்பி உள்ளே போக நினைத்த நேரம் அது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கதவைத் திறந்து கோட்டை உயர்த்தினால் அவர்கள் இருக்கும்போதே அந்த ஊளை தொடங்கிவிடும். அந்த மனுசி சொன்ன சொல் கொஞ்ச நேரமாவது எனக்கு நிற்கட்டும் என்று இருந்தேன். பிறகு படலையடியில் நின்று கோவில் கூரையைப் பற்றிக் கதைத்தேன். கடைசி ஆள் போகும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

அறைக் கதவைத் திறந்தவன் மகன். கருகல் மணம் வந்தது. திரை கறுப்பாக இருந்தது. அட்டையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். ஆறவிட்டுப் போட்டுப் பார்த்தான். பிறகும் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் மன்னாருக்குக் கொண்டுபோனேன். திருத்துகிறவர் பார்த்துவிட்டுச் சூட்டில் உள்ளே எரிந்துவிட்டது, திருத்த முடியாது என்றார். வந்து சொன்னேன். அவன் அட்டையை மடியில் வைத்து, ஆணிகளைச் சுற்றிப் பூத்திருந்த பச்சையை நகத்தால் சுரண்டினான்.

“உப்புத்தான் அப்பா அரிச்சிருக்கு. இந்தக் கடற்கரையில எந்தச் சாமான் நிண்டு பிடிச்சது?”

“ஓம்” என்றேன்.

நிறுவனத்துக்குப் போன் எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினார்களாம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

அட்டை இல்லாமல் கணினியின் திரை வராது. எட்டு மாதம் அது துணி மூடிக் கிடந்தது. மருமகன் முறையான ஒருவன் தனக்குத் தேவையில்லாத சிறிய அட்டை ஒன்றை அனுப்பினான். அதற்கு வீடுகள் வரைகிற பலம் இல்லை. இப்போது கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் செய்கிறான். மரண அறிவித்தல்தான் கூட வருகிறது.

அந்தச் சிறிய அட்டையைப் பூட்டிய அன்று நான் பிரஷும் கொப்பியுமாக அவனுக்குப் பின்னால் நின்றேன். விசிறிச் செயலியைத் திறந்தான். அது பழையதை அப்படியே வைத்திருந்தது. கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தரையோடு கிடந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாக, நாங்கள் இரண்டு கிழமை மினக்கெட்டுக் கண்டுபிடித்த இடங்களுக்கே உயர்த்தினான். கொப்பியைக் கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“பிரஷைத் தாங்கோ, அப்பா. இனி நானே துடைக்கிறன்.”

கொடுத்தேன்.

இந்த வருடமும் பசாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர்கள் வர முன்னமே, நான் கேட்காமலேயே கணினியை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து இருந்தான். மாதாவின் இடம் வந்தபோது எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பாடவில்லை.

“ஏன் தம்பி, தொண்டை சரியில்லையோ?” என்று அந்த மனுசி கேட்டார்.

“இந்த வீட்டில சத்தம் போடக் கூடாதெல்லோ, மாமி” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.