தேங்காய்த் தண்ணீர் ஊறிய மண்

ஆய்வகம் கெலுகோரில். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களை வளர்த்து, அவை சுரப்பதில் மருந்து ஏதும் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை. "மண்ணைக் கிளறவாம்மா இவ்வளவு படிச்ச?" என்பார் அண்ணன். வாய்க்கொழுப்பு அவருக்கு.

ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் நானும் அவரும்தான். அவருக்குச் சர்க்கரை. இடது பாதத்துப் புண் எந்த மருந்துக்கும் மசியவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்து, தண்ணீர்மலை ரோட்டில் உடைத்த தேங்காய்களை லாரியில் அள்ளிப் போன பிறகு, ஒரு மரத்தடியில் மண் எடுத்தேன். தேங்காய்த் தண்ணீர் ஊறிப் புளித்த மண். அதிலிருந்து ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அண்ணன் புண்ணில் எடுத்த கிருமியை ஆய்வகத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் இந்த நுண்ணுயிர் வளர்ந்த துண்டு ஒன்றை வைத்தேன். மறுநாள் பார்த்தால், துண்டைச் சுற்றி வட்டமாக வெறுமை. அங்கே ஒன்றுகூட உயிரோடில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் போனில் படத்தைக் காட்டினேன்.

"பாருங்கண்ணே, உங்க கிருமிய எப்படிச் சாகடிக்குதுன்னு!"

"எங்க எடுத்த மண்ணு?"

"நீங்க வருஷா வருஷம் தேங்காய் உடைப்பீங்களே, அந்த மரத்தடிதான்."

கையெடுத்துக் கும்பிட்டார். இது மருந்தாக இன்னும் பல வருஷம் ஆகும் என்றேன். தலையாட்டினார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே கொளுத்துகிற வெயில், ஜன்னல் சாத்தி ஏர்கோன் ஓடுகிறது. வீட்டுக்குள் புதுமழை விழுந்த மண் வாசனை. தட்டைத் திறந்தால் வருகிற அதே வாசனை! என் கையோடு ஒட்டி வந்துவிட்டதோ என்று மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். சமையற்கட்டில் இல்லை. சாமி மேடையிலும் இல்லை. அண்ணன் சோபாவில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நெருங்க நெருங்க வாசனை கூடியது.

கால் கட்டைப் பிரித்தேன். திருநீறு குழைத்து அப்பிய மண்.

"அறிவிருக்கா உங்களுக்கு!" கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

"நீதானே காட்டுன. முருகன் குடுத்த மருந்துமா," என்றார் சாந்தமாக.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புண்ணில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தும் பார்த்தேன். அவர் கிருமியும் வளர்ந்திருந்தது, என்னுடையதும் வளர்ந்திருந்தது. வட்டமே இல்லை. ரெண்டும் ரொம்ப நாள் பழகினதுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. பார்க்கச் சகிக்காமல் மூடிவிட்டேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று அவரைக் கட்டிலில் உட்காரவைத்தேன். முகம் தெளிவாக இருந்தது. "கொஞ்சம் முந்தியே பூசியிருக்கணும்லா," என்றார். கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். திறந்தேன். வாய் வரைக்கும் மண்.

"பத்திரமா வச்சிரும்மா. இன்னொரு காலு இருக்கு."