ஏழு தறிக்குப் பத்து வாரிசு

தட்டு மாற்றப் போகிற நேரத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நான் சொல்வது, போன மாதம் ஆரணியில் என் அண்ணன் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தை. பெண், அண்ணன் மகள் ரேவதி. மாப்பிள்ளை குமரேசன், சேத்துப்பட்டுக்காரர், வேலூரில் பாங்க் கிளார்க். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது யார்? மறைப்பானேன்... நான்தான். மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா, அவர் அம்மாவுக்கு எதற்கெல்லாம் கோபம் வரும், ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார் – எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்திருந்தேன்.

ஒன்றே ஒன்றைத் தவிர.

லக்னப் பத்திரிகை எழுத உட்கார்ந்த ஐயர், பெண் வீட்டார் எந்த வகையறா என்று கேட்டார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏழுதறி" என்றார். மாப்பிள்ளை வீட்டார்? மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"நாங்களும் ஏழுதறிதாங்க."

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு ஏழுதறி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. 'நாங்கள் ஏழுதறி வீட்டுக்காரர்கள்' என்று எத்தனை முறை இங்கே பீற்றிக்கொண்டிருக்கிறேன்! புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஆரணியில் ஒரே கூரையின் கீழ் ஏழு பட்டுத் தறிகள் ஓடிய பெரிய வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டு வகையில் வந்தவர்களுக்கு ஏழுதறி என்பது வீட்டுப் பெயர். ரேஷன் கார்டில் அது வராது. அங்கே இனிஷியல்தான். கல்யாணம், சாவு என்று வந்தால் மட்டும் வெளியே வரும்.

ஒரே வீட்டுப் பெயர் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது.

நான் ஏன் கேட்கவில்லை? காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சேத்துப்பட்டில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். தறிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஏழுதறிக்காரர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வேறு. பதினைந்து வருஷமாக ஆரணியில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். பாதி முகவரி எழுதிய கடிதத்தைக்கூட வீடு கொண்டு சேர்த்துவிடுவேன். எனக்கா தெரியாது?

தெரியவில்லையே...

மூன்று வாரம் தவணை கேட்டேன். பங்காளிகளா இல்லையா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மாப்பிள்ளையின் அப்பா சரி என்று எழுந்துகொண்டார். வாங்கி வைத்திருந்த பூவை அண்ணி எடுத்துக்கொண்டுபோய் சாமி படத்துக்குப் போட்டாள். ரேவதி என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாலு வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்தப் பையனுக்கு மட்டும் தலையாட்டிய பெண் அவள். அழவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் கட்டிக்கப் போறவர்னு நெனச்சிகினு இருந்தேன். இன்னிக்கு அண்ணான்னு கூப்புடச் சொன்னா எப்படி அத்தே?"

மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரிய வீட்டில் போய்க் கேட்கலாமே என்பீர்கள். பெரிய வீடு இப்போது சினிமா கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்ட். அதன் முதலாளி, நாங்கள் பெரியவர் என்று சொல்கிறவர், அவருடைய பிள்ளைகள் பம்பாய் பக்கம் போய்விட்டார்கள், முகவரி கிடையாது. (தபால் ஆபீஸ்காரியிடமே கிடையாது!) ஆகவே, ஏழுதறி என்ற பெயர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நானே படியேறினேன். ஆரணியில் எங்கள் அண்ணனையும் சேர்த்து எட்டு வீடு. தேவிகாபுரத்தில் ஒன்று. சேத்துப்பட்டில் மாப்பிள்ளை வீடு. படவேட்டில் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று.

முதலில் குலதெய்வத்தைக் கேட்டேன். எல்லோரும் படவேட்டு ரேணுகாம்பாள் என்றார்கள். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் குலதெய்வம், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? கோத்திரத்தைக் கேட்டேன். எல்லோரும் சிவகோத்திரம். ஐயர் கேட்டால் சொல்வதற்கென்று ஊரே வைத்திருக்கிற பதில் அது.

பிறகு, பெரிய வீட்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று நேராகவே கேட்டேன். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒருவர், பெரியவரின் சொந்தத் தம்பி பேரன் என்றார். அடுத்த தெருக்காரர், அந்தத் தம்பிக்குக் குழந்தையே கிடையாது, தான்தான் தம்பி பேரன் என்றார். தேவிகாபுரத்தில் ஒரு அம்மாள் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, பெரிய வீட்டின் மூத்த தாரத்து வகை தாங்கள்தான், மற்றவர்களெல்லாம் சும்மா சொல்லிக்கொள்கிறார்கள் என்றார். மற்றவர்கள் என்று சொன்னபோது என்னையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது வீடு பார்த்தாகிவிட்டது, ஒன்பதும் முதலாளி வம்சம். சேத்துப்பட்டையும் சேர்த்தால் பத்து. அப்போதுதான் உறைத்தது... எல்லோரும் முதலாளியின் பேரப்பிள்ளைகள் என்றால், அந்த ஏழு தறியில் உட்கார்ந்து நெய்தது யார்? முதலாளி ஒருவரே ஏழு தறிக்குழியிலும் இறங்கி உட்கார்ந்திருக்க முடியாதே?

நம் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? யாருடைய தாத்தாவும் கூலி வேலை செய்ததில்லை. எல்லோருடைய தாத்தாவும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவர்தான்!

படவேட்டுக்கு அதன் பிறகுதான் போனேன். பஸ் குறைச்சல் என்பதால் தள்ளிப் போட்டிருந்தேன். அந்த வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மடையை அடைத்துவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். நான் கேள்வியை முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"நாங்க இன்னா வாரிசுமா? எங்கப்பா அங்க அஞ்சாவது தறியில கூலிக்கு நெய்சிகினு இருந்தாரு. பேரு வூட்டோடது. அங்க உக்காந்தவன் அத்தினி பேரையும் ஊர்ல ஏழுதறியான்னுதான் கூப்புடுவாங்க."

ஒன்பது வீட்டில் கிடைக்காத பதில். அவர் அதை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

அப்படியானால் பங்காளி யார், கூலிக்காரர் யார் என்று எப்படிப் பிரிப்பது? அது ரொம்ப சுலபம் என்றார். எங்கள் தெருக்களில், பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை தறிக்குழியில் கால் வைக்கக் கூடாது. பெரியவர் இறந்தபோது, அவரிடம் நெய்தவர்களில் பலர் தனியே வீடு பார்த்துத் தறி போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தீட்டு இல்லை. ஆனாலும் மரியாதைக்காக, பிணம் எடுத்த அன்று ஒரே ஒரு நாள் தறியை நிறுத்தினார்களாம். மறுநாள் ஓட்டிவிட்டார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"பெரியவரு செத்தப்போ உங்க வூட்டுத் தறி எத்தினி நாள் நின்னுச்சி?"

பதினாறு நாள் என்று பட்டென்று சொன்னேன். அவர் தலையாட்டினார், அதற்கு மேல் கேட்கவில்லை.

பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் மரத்தடியில் நின்றேன். அப்போதுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. பெரியவர் இறந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பெரிய தாத்தா என்போம். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினாறு நாளும் பள்ளிக்கூடம் கிடையாது. என்னை மட்டும் மறுநாளே கணக்கு நோட்டைக் கையில் கொடுத்துத் துரத்திவிட்டார்கள். நமக்கு மட்டும் ஏன் லீவு இல்லை என்று வாசலில் நின்று அழுதேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொன்னார். அது அவங்களுக்கு, நமக்கு நேத்தோட சரி, என்றார்.

தறியில் உட்கார்ந்துகொண்டு! மறுநாளே!

முப்பத்தைந்து வருஷமாக இந்த ஞாபகம் என்னிடம் இருந்திருக்கிறது. லீவு கிடைக்காத ஆத்திரம் அப்படியே நினைவில் இருந்தது. அப்பா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் சேத்துப்பட்டு. மாப்பிள்ளையின் அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவருடைய அப்பா பாகப்பிரிவினையில் கோபித்துக்கொண்டு ஆரணியை விட்டு வந்தவராம். பெரியவரின் கடைசித் தம்பி. போக்குவரத்தே இல்லையாம். ஆனாலும் சாவுச் செய்தி வந்ததும் மொட்டை அடித்துக்கொண்டாராம், பதினாறு நாளும் தறியைத் தொடவில்லையாம். உங்கள் வீட்டில் எப்படி என்று அவர் கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். ஒரு நாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் நாம் பங்காளி இல்லையே என்றார். தடை விலகிவிட்டது, இனி இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

யார் சொல்வது? அங்கேதான் வந்து இடித்தது.

அண்ணன் புது வீட்டு முகப்பில் சிமென்ட் எழுத்தில் 'ஏழுதறி இல்லம்' என்று போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் என்னிடம் எரிந்து விழுந்தார். பத்து வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்றார். கூலிக்கு நெய்தவர்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டுமா என்றார். வேண்டுமானால் சேத்துப்பட்டுக்காரர்கள் சொல்லட்டுமே என்றார். கதவோரம் நின்றிருந்த ரேவதி எல்லாவற்றையும் கேட்டாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சிமென்ட் எழுத்துக்காகப் பெண்ணைப் பட்டினி போடுகிற மனுஷன் என்று நானும் கத்தினேன். பேஜாராகிவிட்டது வீடு.

தவணை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே மாப்பிள்ளையின் அப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் வாய் திறக்கமாட்டார் என்பது வந்தவருக்குப் புரிந்துபோயிற்று என்று நினைக்கிறேன். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஆசைப்படுதுங்க. நாங்கதான் கூலிக்கு நெய்த வகைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேங்க. பேர நீங்களே வெச்சிக்கங்க. எனக்கு என் பையன் சந்தோஷமா இருந்தா போதும்."

அவர்தான் பெரியவரின் ரத்தம். அவர் அதை எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். எழுந்து நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"வேணாம் சம்பந்தி. பேரு உங்களுது. பெரியவரு செத்தப்போ எங்கப்பா ஒரு நாள்தான் தறிய நிறுத்துனாரு. மறுநாள் காலையில அவரு நெய்யறதுக்கு நூலைத் தார்ல சுத்திக் குடுத்தவன் நான்தான்."

எனக்குப் பத்து வயது என்றால் அண்ணனுக்குப் பதினாலு. அவருக்கு எல்லாமே தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது!

தட்டு மாற்றினார்கள். சாமி படத்துக்குப் போன பூவுக்குப் பதில் புதுப் பூ வாங்கிவர அண்ணி ஆள் அனுப்பினாள். ரேவதி சாப்பிட்டாள், இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் தையில். எங்கள் வீட்டில் பிறந்தவர்களிலேயே நிஜமான ஏழுதறிக்காரி ஆகப்போகிறவள் ரேவதிதான். அதுவும் கட்டிக்கொண்டு போவதால்! இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் நான் பீற்றியதையெல்லாம் தயவுசெய்து அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு, முகப்பிலிருக்கும் பெயரை எடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். கூடவே கூடாது என்றேன். கொத்தனார் வந்ததற்கு, அதன் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா அந்த வீட்டில் எந்தத் தறியில் உட்கார்ந்தார் என்று அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'மூன்றாவது தறி, ஜன்னலோரம்.'