சியோலில் பாஸ்போர்ட்டை நானே நீட்டிய கதை

போன அக்டோபரில் சியோலுக்குப் போய் வந்தேன். செலவு கம்பெனியுடையது. ஓமனில் சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினொரு வருஷமாக மெக்கானிக்காக இருக்கிறேன். கன்டெய்னர் தூக்கும் புது மெஷின் இரண்டு கொரியாவிலிருந்து வந்து இறங்கின. அவற்றைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ள ஓர் ஆளை அனுப்ப வேண்டும். சீனியர்கள் இரண்டு பேரும் "அங்க நம்ம சோறு கிடைக்காதுப்பா" என்று நழுவிவிட, பயணம் என் தலையில் விழுந்தது. ஒரு வாரப் பயிற்சி. முடிந்த பிறகு மூன்று ராத்திரி தங்கி ஊர் பார்க்க லீவு கேட்டேன், கிடைத்தது.

ஒரே ஒரு நிபந்தனை, அது என் வீட்டு நிபந்தனை. சனிக்கிழமை மதியம் என் மனைவி அமுதாவும் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பாப்பாவும் திருச்சியிலிருந்து மஸ்கட் வந்து இறங்குகிறார்கள். ஒரு மாத விசிட் விசா. அமுதா பிளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியது கிடையாது. "நீங்க வெளிய நிப்பீங்கல்ல? நிக்கலைன்னா நான் யாருகிட்டப் போயி கேப்பேன்?" என்று போனில் தினமும் ஒரு தடவை கேட்டாள். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி சியோலில் ஏறி, துபாய் வழியாக சனிக்கிழமை காலை மஸ்கட்டில் இறங்கி, அங்கேயே அவளுக்காக நிற்பதாக ஏற்பாடு.

இனி பாஸ்போர்ட் விஷயம். எங்கள் கம்பெனியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பீரோவில் இருக்கும். மந்தூப் என்று ஒருவர் இருப்பார், விசா, லேபர் கார்டு வேலையெல்லாம் அவர்தான். ஊருக்கு லீவில் போகும்போது கொடுப்பார், திரும்பி வந்ததும் போய்க் கொடுத்துவிடுவோம். சியோல் போவதற்கு முதல் நாளும் அப்படித்தான் வாங்கினேன். பயிற்சி நடந்த அந்த ஒரு வாரமும் அது என் பையில் இருந்தது. அடுத்தவன் வீட்டு நகையை வைத்திருப்பதுபோல ஒரு பதைப்பு. தலையணை உறைக்குள் சொருகிப் படுப்பேன், விடிந்ததும் தடவிப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், கல்ஃபில் இருப்பவர்களுக்குப் புரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் கம்பெனி வேன் என்னை ஹோங்டே பக்கம் இறக்கிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் நிறைந்த ஏரியா. ஒரு சந்துக்குள் சின்ன கெஸ்ட் ஹவுஸ், ராத்திரிக்கு நாற்பத்தைந்தாயிரம் வோன். பயந்துவிடாதீர்கள், ஆயிரம் வோன் என்றால் கால் ரியாலுக்குக் கொஞ்சம் கூட. நடத்துவது அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா. தலையெல்லாம் சுருள் சுருளாக, காலில் ரப்பர் செருப்பு, விறுவிறுவென்று நடை. என் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. "கீப், கீப், சேஃப்" என்று அவர் பக்கமே தள்ளிவிட்டு, ஒரு வாரத்துப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் சாப்பிடக் கிளம்பிவிட்டேன். ஓனரம்மா பின்னாலிருந்து என்னமோ கூப்பிட்டார். குட்நைட் சொல்கிறாராக்கும் என்று கையாட்டினேன். கர்மம்!

இப்போது ஊர் சுற்றும் கதை. சியோலில் இறங்கியதும் பெட்டிக்கடை மாதிரி தெருவுக்கு நான்கு இருக்கும் கடைகளில் பயண அட்டை ஒன்று வாங்குங்கள். எனக்கு நாலாயிரம் வோன் ஆனது. காசு ஏற்றுவதற்கு ரொக்கம்தான் கேட்டார்கள், கையில் நோட்டு இருக்கட்டும். மெட்ரோவுக்குக் குறைந்தபட்சம் ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. பஸ்ஸில் இறங்கும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த வண்டிக்கு மறுபடி முழுக் காசு பிடிக்காது. நம் போனில் இருக்கும் மேப்பை நம்பி நடந்தால் அம்போதான், கொரியாக்காரர்களின் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பெயரோடு எக்ஸிட் நம்பரையும் கேட்டு வையுங்கள். தப்பான எக்ஸிட்டில் ஏறிவிட்டால் ஆறு வழி ரோட்டுக்கு அந்தப் பக்கம் முளைப்பீர்கள், நான் இரண்டு தடவை முளைத்தேன்.

மெட்ரோவைப் பார்த்து எனக்கு வாயடைத்துப்போனது. அத்தனை ஜனம், ஒரு சத்தம் இல்லை. நான் பாப்பாவோடு போனில் "சாப்டியாடா தங்கம்" என்று பேச ஆரம்பித்ததும் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அதைவிட அதிர்ச்சி, நெரிசலில் மூச்சு முட்டுகிறது, ஆனால் ரோஸ் கலர் சீட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. கர்ப்பிணிகளுக்காம். ஒருத்தரும் உட்காரவில்லை. நான் உட்காரப் போய், பக்கத்தில் நின்ற பெண் படத்தைக் காட்டியதும் கூசிப்போய் எழுந்தேன். காபிக் கடையில் லேப்டாப்பையும் போனையும் மேஜையில் போட்டுவிட்டுப் பாத்ரூம் போகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை நான் காவல் காத்தேன், வேறென்ன செய்ய? மனசு கேட்கவில்லை.

அப்புறம் நடை. சோஹாரில் ரோட்டோரம் ஒருத்தன் நடந்தால் போகிற டாக்ஸியெல்லாம் ஹாரன் அடிக்கும், பாவம் வண்டி இல்லாதவன் என்று. இங்கே கோட்டு போட்டவனும் நடக்கிறான், ஹைஹீல்ஸ் போட்டவளும் நடக்கிறாள். மெட்ரோ படிக்கட்டு இறங்கி இறங்கி எனக்கு முட்டி விட்டுப்போனது. புதன்கிழமை கியோங்பொக்குங் அரண்மனை பார்த்தேன், டிக்கெட் மூவாயிரம், செவ்வாய்க்கிழமை லீவு. அவர்கள் ஊர்ப் பாரம்பரிய உடை போட்டுப் போனால் டிக்கெட்டே வேண்டாம். வியாழன் நம்சான் மலை. சாப்பாட்டுக்குக் கிம்பாப் என்று ஒரு சோற்றுச் சுருள், நாலாயிரத்துக்கு வயிறு நிறையும். கறி வேண்டாம் என்றால் போனில் எழுதிக் காட்டுங்கள், அப்படியும் நடுவில் ஒரு துண்டு வரும்.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆற்றங்கரையில் சுற்றினேன். நான்கு மணிக்குத் திரும்பி வந்து ஓனரம்மாவிடம் கையை நீட்டினேன். "பாஸ்போர்ட்?"

அவர் விழித்தார். என்னைவிடப் பெரிதாக விழித்தார். அறைகளுக்குப் பூட்டு எண் கொடுத்துவிடுவதால் இந்த மூன்று நாளில் அவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. போனை எடுத்துப் படபடவென்று அதனிடம் பேசினார். போன் செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னது: "நீங்கள் மறந்துவிட்டுச் சென்றீர்கள். கதவைத் தட்டினேன். உங்கள் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. எனவே போலீஸிடம் ஒப்படைத்துவிட்டேன்."

புக்கிங்கில் கொடுத்தது ஓமன் நம்பர். அந்த சிம்மைக் கழற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தலைக்குள் ஒரே ஒரு படம்தான்: மஸ்கட் ஏர்போர்ட் வாசலில் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அமுதா நாலாபக்கமும் பார்க்கிறாள். "ஐயோ, நாசமாப் போச்சு" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

ஓனரம்மா வாசலைச் சாத்தினார். அதே ரப்பர் செருப்போடு, என் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு தெருமுனைப் போலீஸ் பூத்துக்கு ஓடினார். அங்கே இருந்த பையன் போலீஸ்காரன் கணினியைத் தட்டிவிட்டு, பெரிய ஸ்டேஷனுக்கு அனுப்பியாகிவிட்டது, அந்த கவுன்டர் ஆறு மணிவரைதான் என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இன்று வெள்ளிக்கிழமை! இத்தனை வருஷப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸ் மூடியிருக்கும் என்றே என் மூளையில் பதிந்திருக்கிறது. "ஃப்ரைடே, க்ளோஸ்?" என்று நான் உளற, இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். திறந்துதான் இருக்கும், விட்டால் இனி திங்கட்கிழமை.

டாக்ஸி வேண்டாம், இந்த நேரத்தில் நகராது என்று சைகை காட்டி ஓனரம்மா என்னை மெட்ரோவுக்குள் இழுத்துப் போனார். கோங்டொக் என்ற ஸ்டேஷன், ஏர்போர்ட் ரயில் போகும் அதே பாதையில் எதிர்த்திசையில் ஒரே ஸ்டாப். ரயிலில் சத்தம் கூடாதல்லவா, அதனால் போனின் திரையில் எழுத்தாகக் காட்டிக் காட்டிக் கேட்டார்.

"எதற்காக என்னிடம் கொடுத்தீர்கள்?"

பத்திரமாக இருக்கட்டும் என்று, நான் எழுதினேன்.

"உங்கள் ஊரில் யாரிடம் கொடுப்பீர்கள்?"

ஆபீஸில்.

அவர் புருவத்தைச் சுருக்கி நீளமாக ஏதோ தட்டினார். திரையில் வந்தது: "உங்கள் வயது என்ன?"

முப்பத்தொன்பது என்று காட்டினேன். என் தோளில் பளாரென்று ஒன்று வைத்தார், விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கோபம். அடுத்தவர் பாஸ்போர்ட் வீட்டில் இருந்த அந்த ராத்திரி அவரும் தூங்கவில்லையாம். போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயமாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வலியிலா வெட்கத்திலா தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஐந்தரை. கவுன்டர் அதிகாரி என் ஓமன் ரெசிடென்ட் கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போன் வழியாக ஒரு கேள்வி: தொலைந்ததா, திருடப்பட்டதா? "இரண்டும் இல்ல சார், நானே குடுத்தேன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு ஓனரம்மாவைப் பார்த்தார். ஓனரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் தொலைந்தது என்றே எழுதிக்கொண்டு ஒரு கவரைப் பிரித்து நீட்டினார்கள். நீலக்கலர் அட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அதே கோங்டொக்கில் ஏர்போர்ட் ரயில் ஏறினேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி, ஏறத்தாழ ஐயாயிரம் வோன், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓனரம்மா பிளாட்ஃபாரம்வரை வந்தார். அவர் என்னோடு வந்ததற்கான டிக்கெட் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார், உள்ளே இருக்கிறதா என்று. எடுத்துக் காட்டிய பிறகுதான் திரும்பிப் போனார்.

மஸ்கட்டில் சொன்னபடி நின்றேன். பாப்பா ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள், அமுதா அழுதுகொண்டே சிரித்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதே "பாஸ்போர்ட்ட இங்க குடு" என்றேன், இரண்டையும் வாங்கி என் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். சோஹார் வரை இருநூறு கிலோமீட்டர் பாப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மந்தூப்பின் அறைக்குப் போனேன். ஓமானி, நல்ல மனுஷன், எங்களோடு ஹிந்திதான் பேசுவார். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வசனத்தைத் தைரியமாகச் சொன்னேன்: "பாய், இனிமே என் பாஸ்போர்ட் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "அச்சா. வச்சுக்கோ."

"இல்ல, ஆபீஸ்ல கேட்டா?"

"யாரு கேட்டா? நான் இங்க வந்து ஏழு வருஷமாச்சு. உன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா? நீங்களே வரிசையா வந்து மேஜைல வைக்கிறீங்க, நான் எடுத்து உள்ள வைக்கிறேன். கலாஸ், அவ்வளவுதான், எடுத்துட்டுப் போ."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நான் வந்து இறங்கிய முதல் நாள், ஏர்போர்ட்டிலேயே ஒருத்தர் கேட்டு வாங்கினார். அவர் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு ஆளும் கேட்கவில்லை. ஒவ்வொரு லீவு முடிந்தும் நானாகத்தான் போய் நீட்டியிருக்கிறேன். சியோலில் பார்த்த எதுவும் என்னை இப்படி ஆட்டவில்லை. மற்ற கம்பெனிகளில் நிஜமாகவே பிடுங்கி வைப்பவர்கள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. என் கதை இது.

போகிறவர்களுக்குச் சொல்வது: அக்டோபர் நல்ல சீசன், மெல்லிய ஸ்வெட்டர் போதும். நடக்கிற ஷூ கட்டாயம். புக்கிங்கில் அங்கே வேலை செய்யும் நம்பரைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் காட்டுங்கள், பதிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பையின் ஜிப்பைத் திறந்து, அமுதாவின் பாஸ்போர்ட்டையும் பாப்பாவுடையதையும் எடுத்து அமுதாவின் கையில் வைத்தேன்.

"இத நான் வச்சு என்ன பண்ணப் போறேன்? உங்ககிட்டயே இருக்கட்டுமே, பத்திரமா இருக்கும்" என்றாள்.

"வேணாம். நீயே வச்சுக்க. யாரு கேட்டாலும் குடுத்துராத," என்றேன். "நான் கேட்டாலும்."